மருதையனின் வலது கால்

பஞ்சநாதன்: நிறுத்து, நிறுத்து. எதை வாபஸ் வாங்கணும்னு சொன்னே?

மருதையன்: அப்பீலத்தான் அய்யா. பட்டாளத்து ஊன பென்ஷன் அப்பீலு.

பஞ்சநாதன்: இந்தத் திருவாரூர் தாலுக்கா ஆபீஸ் வாசல்ல இருபத்தி ரெண்டு வருஷமா மனு எழுதறேன். குடுங்கன்னு எழுதியிருக்கேன், கொறைங்கன்னு எழுதியிருக்கேன், மன்னிச்சுக்குங்கன்னு எழுதியிருக்கேன். வேணாம்னு எழுதச் சொல்லி வந்த மொத ஆளு நீதான்யா.

மருதையன்: ரெண்டு வரி போதும் அய்யா. எழுதிக் குடுத்துடுங்க. ஒரு மணி பஸ்ஸப் புடிக்கணும்.

பஞ்சநாதன்: ரெண்டு வரியா? அந்த அப்பீல நான் எத்தனை பக்கம் எழுதுனேன்? சிக்கிம் மலையில லாரி கவுந்தது... உன் வலது முட்டி நசுங்குனது... லீவுல போனவனுக்கு சர்க்கார் பொறுப்பில்லன்னு அவங்க தள்ளுனது... லீவு இல்ல, ரேஷன் மூட்டை ஏத்திக்கிட்டு டூட்டியில போனவன்னு நான் மல்லுக்கட்டுனது...

மருதையன்: எல்லாம் ஞாபகம் இருக்கு.

பஞ்சநாதன்: மூணு வருஷம் கழிச்சு இப்பதான் அசைஞ்சிருக்காங்க. இருபத்தி ரெண்டாந்தேதி மெட்ராஸ்ல மெடிக்கல் போர்டுக்கு வான்னு லெட்டர் வந்துச்சா இல்லியா?

மருதையன்: வந்துச்சு.

பஞ்சநாதன்: இப்ப வாபஸ் வாங்குனா திரும்பப் போட முடியாது. ஆயுசுக்கும் போச்சு. தெரியுமா?

மருதையன்: தெரியும்.

பஞ்சநாதன்: தெரிஞ்சுமா?

மருதையன்: கால் சரியாப் போச்சு அய்யா.

பஞ்சநாதன்: ...என்னது?

மருதையன்: வலது கால்தான். நல்லாயிடிச்சு. நல்லான காலுக்கு பென்ஷன் வாங்குனா பாவமில்லியா?

பஞ்சநாதன்: ஓகோ... சரி. எந்திரி.

மருதையன்: எதுக்கு?

பஞ்சநாதன்: எதிர்க்க டீக்கடை இருக்கு பாரு. ரெண்டு டீ வாங்கிக்கிட்டு வா. கைத்தடிய இங்க வச்சிட்டுப் போ.

மருதையன்: தடியா... அது சும்மா, பழக்கத்துக்கு வச்சிருக்கேன்.

பஞ்சநாதன்: பழக்கத்த வச்சிட்டுப் போ.

மருதையன்: சரி, இந்தா போறேன்.

பஞ்சநாதன்: பாத்து, பாத்து! சைக்கிள் வருது! ...மெதுவாய்யா...

மருதையன்: இந்தாங்க டீ.

பஞ்சநாதன்: கிளாஸ்ல பாதிதான் இருக்கு.

மருதையன்: கடைக்காரன் கம்மியா ஊத்திட்டான்.

பஞ்சநாதன்: மீதி உன் வேட்டியில இருக்கே. எனக்கு ஒண்ணுமே புரியல. அன்னிக்கு அவ்வளவு நல்லா...

மருதையன்: என்னிக்கு?

பஞ்சநாதன்: ஒண்ணுமில்ல. டீயக் குடி.

மருதையன்: என்னிக்குன்னு சொன்னீங்க?

பஞ்சநாதன்: குடிய்யா மொதல்ல. ஏன், யாராவது மெரட்டுனாங்களா? கட்சிக்காரங்களா?

மருதையன்: கட்சிக்காரங்களுக்கு என் காலு எதுக்கு?

பஞ்சநாதன்: சொல்ல முடியாதுப்பா. உங்க ஊர்ல ஒரு தெருவுல செங்கொடி பறக்குது, அடுத்த தெருவுல சூரியன் பறக்குது. கூலி கேட்டா ஒரு கேஸு, அறுப்புக்கு வெளியூர் ஆள எறக்குனா ஒரு கேஸு. எது எதுக்கு முடிச்சுப் போடுவாங்கன்னு யாரு கண்டா?

மருதையன்: அதெல்லாம் இல்ல. மனசுல பட்டுச்சு, வந்தேன்.

பஞ்சநாதன்: மனசுல பட்டதுக்கு கோர்ட்டு முத்திரை ஒட்ட முடியாது. காரணம் எழுதணும்... யாரு அது, உன் சம்சாரமா வர்றது?

வேம்பு: கும்புடறேன் அய்யா. எழுதியாச்சா?

பஞ்சநாதன்: வாம்மா வேம்பு. நீயாச்சும் வெவரம் சொல்லு. அது என்ன கையில, சாக்குல சுத்தியிருக்க?

வேம்பு: கொழு அய்யா. மொனை மழுங்கிப் போச்சு. பட்டறையில குடுத்து அடிச்சுக்கிட்டு வர்றேன். வாய்க்கால்ல தண்ணி வந்திடிச்சு, நாளைக்கு ஏர் கட்டணும்.

பஞ்சநாதன்: கலப்பைக் கொழு அடிக்க ஆம்பளதானே பட்டறைக்குப் போவான். நீ ஏம்மா அலையற?

வேம்பு: இவரால அவ்வளவு தூரம் நடக்க முடியாதே...

மருதையன்: ஏ புள்ள!

வேம்பு: ...இல்ல, வெயிலா இருக்குன்னு சொன்னேன்.

பஞ்சநாதன்: நல்லாச் சொன்ன போ. ஒருத்தன் கால் சரியாயிடிச்சுங்கறான், ஒருத்தி நடக்க முடியாதுங்கறா. நான் எதை எழுத?

வேம்பு: அவர் சொல்றத எழுதுங்க.

பஞ்சநாதன்: ரெண்டு பேரும் என்கிட்ட எதையோ மறைக்கறீங்க.

வேம்பு: மறைக்க என்ன இருக்கு அய்யா? இந்தாங்க. இதப் படிங்க, புரியும்.

மருதையன்: அத எதுக்கு எடுக்கற? காட்ட வேணாம்னு சொன்னேன்ல?

வேம்பு: படிக்கட்டும். நமக்கும் ஒருதரம் வாய்விட்டுப் படிச்சுக் காட்டட்டும்.

பஞ்சநாதன்: என்ன காயிதம்... குத்தகைப் பதிவு தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸா? கூட வச்சிருக்கறது... ம்...

வேம்பு: படிங்க.

பஞ்சநாதன்: கண்ணாடி... கண்ணாடிய எங்க வச்சேன்...

வேம்பு: மூக்கு மேல இருக்கு அய்யா.

பஞ்சநாதன்: ம்... 'மேலப்பண்ணைக்காக அதன் காரியக்காரர் இராஜாங்கம் சமர்ப்பிக்கும் ஆட்சேபனை. ஆறு மா நிலத்தைத் தன் சொந்த உடல் உழைப்பால் பயிரிடும் குத்தகைதாரர் என்று மருதையன் கூறுவது உண்மையல்ல. தன் வலது கால் செயலற்றுவிட்டது, சேற்றில் இறங்க இயலாது, ஏர் பிடிக்க இயலாது என்று ராணுவ இலாகாவுக்குச் செய்துள்ள மேல்முறையீட்டில் அவரே உறுதி கூறியிருக்கிறார். ஆகவே அவர் பெயரைக் குத்தகைதாரராகப் பதிவு செய்யக் கூடாது...'

மருதையன்: அப்பீல் நம்பர் கூடப் போட்டிருக்கு அய்யா. தேதியோட.

பஞ்சநாதன்: ...ஆமா. போட்டிருக்கு.

மருதையன்: வியாழக்கிழமை விசாரணை. பேரு பதியலன்னா பண்ணை எங்கள அன்னிக்கே வெளியேத்திடும். எங்க தாத்தா காலத்துலேருந்து வச்சிருக்கற நெலம். அப்பன் செத்தப்புறம் அது ஒண்ணுதான் சோறு.

பஞ்சநாதன்: அதான் அப்பீல விடறியா... பென்ஷன விட்டுட்டு நெலத்தக் காப்பாத்தணும்னு...

மருதையன்: கால் இல்லன்னு ஒரு தாள்லயும், கால் இருக்குன்னு ஒரு தாள்லயும் எப்படி இருக்க முடியும்? ஒண்ணு போகணும். பென்ஷன் வருமோ வராதோ. வயல் கண்ணு முன்னால இருக்கு.

வேம்பு: அந்த நம்பர் பண்ணைக்கு எப்படித் தெரிஞ்சுது அய்யா?

பஞ்சநாதன்: தபால்காரன் கிட்ட... யாருகிட்டயாவது...

வேம்பு: எனக்கு எழுத்துத் தெரியாது. மை நெறம் தெரியும். இந்தத் தெருவுல வயலட் மையில எழுதறது நீங்க ஒருத்தர்தான்.

மருதையன்: விடு வேம்பு.

வேம்பு: அப்பீலு நீங்க எழுதுனது. 'சொந்த உழைப்பு'ன்னு தாசில்தாருக்கு மனு எழுதுனதும் நீங்க. அதுக்கு ஆட்சேபனை எழுதுனதும் நீங்கதானே?

பஞ்சநாதன்: இங்க வந்து உக்காந்தா எழுதறதுதாம்மா என் தொழிலு. இராஜாங்கம் வந்து உக்காந்தாரு. நான் புதுசா ஒரு வார்த்தை சேக்கல. உன் புருஷன் சொன்னத...

வேம்பு: என் புருஷன் உங்க கிட்டதான சொன்னாரு. பண்ணைகிட்ட இல்லியே.

பஞ்சநாதன்: ...தப்புதான். ஆனா எனக்கும் ஒரு காரணம் இருந்துச்சு. அது இப்ப வேணாம்.

மருதையன்: காரணமெல்லாம் நாங்க கேக்க வரல. சண்டைக்கும் வரல. உங்க கையால கட்டுன முடிச்ச உங்க கையாலயே அவுத்துடுங்க. அதுக்குத்தான் வேற ஆளுகிட்ட போகாம வந்தோம்.

பஞ்சநாதன்: இரு... அவசரப்படாத. சட்டம் என்ன சொல்லுது? தன் உழைப்பு, இல்லன்னா குடும்பத்தார் உழைப்பு. ரெண்டுல எதுவா இருந்தாலும் குத்தகைதாரன்தான். கூலிக்கு ஆள் விட்டாத்தான் சிக்கல். உன் வயல்ல யாரு ஏர் ஓட்டறது?

மருதையன்: நான்தான்.

பஞ்சநாதன்: அந்தக் காலை வச்சுக்கிட்டா? டீ கிளாஸக் கொண்டு வர முடியலியே!

மருதையன்: ரோட்டுல ஒரு மாதிரி, சேத்துல ஒரு மாதிரி. சேறு மெத்தை மாதிரி இருக்கும்.

பஞ்சநாதன்: நெசமாவே தெரியாமத்தான் கேக்கறேன். உங்கப்பன் இருந்தவரைக்கும் அவர் ஓட்டுனாரு. அவர் போய் மூணு போகம் ஆச்சு. கூலிக்கு ஆள் விட்டியா?

மருதையன்: இல்ல.

பஞ்சநாதன்: மச்சான் வர்றானா?

வேம்பு: எங்கண்ணன் நாகப்பட்டினத்துல மூட்டை தூக்கறாரு.

பஞ்சநாதன்: அப்ப மாடு ரெண்டும் தானாப் போயி உழுதுட்டு வருதா? பொம்பளைய ஏர் புடிக்க விட்டேன்னு மட்டும் சொல்லிடாத. நம்ம பக்கம் பொம்பள மேழியத் தொட்டா ஊரு சும்மா இருக்காது.

மருதையன்: ...யாரு அப்படிச் சொன்னா?

பஞ்சநாதன்: பக்கத்து ஊர் பூவம்மா கதை தெரியும்ல? புருஷன் படுக்கையில கெடக்கறான்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவ ஏர் புடிச்சா. அந்த வருஷம் நெல்லுல புகையான் பூச்சி விழுந்துச்சு. ஊரு பூரா விழுந்தது, ஆனா பேரு அவளுக்கு. நடவுக்கு ஒருத்தி வரல அவ வயலுக்கு. நாத்து பாவுனது பாவுனபடி முத்திப் போச்சு.

வேம்பு: தெரியும் அய்யா. அந்த வயலுக்கு நடவுக்குப் போக மாட்டேன்னு சொன்னவங்கள்ல நானும் ஒருத்தி.

மருதையன்: அந்தப் பேச்சு இப்ப எதுக்கு? நேரமாவுது. எழுதுங்க அய்யா. கால் பூரண குணம், அப்பீல் வேணாம். முடிஞ்சுது.

பஞ்சநாதன்: முடியாதுய்யா. குணமாயிடிச்சுன்னு எழுதுனா பண்ணை வக்கீல் என்ன கேப்பான்? எப்ப குணமாச்சும்பான். போன மாசம்னா, அதுக்கு முன்னால மூணு போகம் உழுதது யாரும்பான்.

மருதையன்: அப்ப... மூணு வருஷத்துக்கு முன்னாலயே குணமாச்சுன்னு?

பஞ்சநாதன்: மூணு வருஷத்துக்கு முன்னாலதான அப்பீலே போட்டோம்! அதுலதான் ஏர் புடிக்க முடியாதுன்னு சத்தியம் பண்ணியிருக்க.

மருதையன்: எனக்குத் தலை சுத்துது. என்னதான் எழுதணும்கறீங்க?

பஞ்சநாதன்: வாபஸ் நெலத்துக்கு உதவணும்னா ஒரே வழிதான் இருக்கு. கால் என்னிக்குமே கெடல. பென்ஷன் ஆசையில பொய் சொன்னேன். மன்னிக்கணும். அப்படி எழுதணும்.

வேம்பு: பொய்யா?

பஞ்சநாதன்: அப்படி எழுதுனாத்தான் பண்ணையோட ஆட்சேபனை அடிபடும்.

மருதையன்: ...கேஸ் போடுவாங்களா? பட்டாளத்துல?

பஞ்சநாதன்: போட மாட்டாங்கன்னு நெனைக்கிறேன். ஆனா பேரு... உன் ரிக்கார்டுல ஏறிடும்.

மருதையன்: ரிக்கார்ட யாரு பாக்கப் போறா? எழுதுங்க.

வேம்பு: என்னங்க...

மருதையன்: சும்மா இரு. எழுதுங்க அய்யா.

பஞ்சநாதன்: நெசமா எழுதவா?

மருதையன்: எழுதுங்கன்னா எழுதுங்க!

பஞ்சநாதன்: சரி... 'ஐயா. 1968ஆம் வருஷம் லாரி விபத்தில் எனக்கு நிரந்தர ஊனம் ஏற்பட்டதாக நான் கூறியது பொய். பென்ஷன் பெறும் ஆசையால் அவ்வாறு கூறினேன். என் வலது கால் அன்றும் இன்றும் நலமாக உள்ளது. ஆகவே மேல்முறையீட்டை வாபஸ் பெற்றுக்கொள்கிறேன்.' சரியா?

மருதையன்: சரி.

பஞ்சநாதன்: சாட்சிக்கு உன் சம்சாரம் ரேகை வைக்கட்டும். வாம்மா. பெருவெரல... அழுத்து. ...விழலியே. இன்னொரு தடவை.

வேம்பு: தேஞ்ச கை அய்யா.

பஞ்சநாதன்: இதென்ன கையா, கட்டையா? நடவு நட்டா வெரல் நுனி தேயும். உனக்கு உள்ளங்கை பூரா காய்ச்சுக் கெடக்கே.

வேம்பு: அரிவா புடிக்கறது.

பஞ்சநாதன்: அரிவா புடிக்கற கை ஊருல ஆயிரம் பாத்திருக்கேன்...

மருதையன்: சாட்சிக்கு வேற ஆளு கூப்புட்டுக்கலாம். பேனாவக் குடுங்க அய்யா, நான் மொதல்ல போட்டுடறேன்.

வேம்பு: அந்த லாரியில வீரையன்னு ஒருத்தரு செத்தாரே.

மருதையன்: வேம்பு...

வேம்பு: மயிலாடுதுறைக்காரரு. உங்க பக்கத்துல உக்காந்து வந்தவரு. கருமாதிக்குக் கைத்தடியோட போய்ட்டு வந்தீங்க. அவங்க அம்மா உங்க காலத் தடவிப் பாத்து அழுதுச்சாம். காலு பொய்யின்னா அவரு செத்ததும் பொய்யா?

மருதையன்: தாளுல எழுதறதுதான? தாளுக்கு என்ன தெரியும்? வரும்போது நாம என்ன பேசிக்கிட்டு வந்தோம்?

வேம்பு: கால் குணமாயிடிச்சுன்னு எழுதறதாத்தான் பேசிக்கிட்டு வந்தோம். பொய்யன்னு எழுதறதா பேசல.

பஞ்சநாதன்: ஏம்மா, நீ இவ்வளவு கரைய வேணாம். நான் ஒண்ணு சொல்றேன், ரெண்டு பேரும் கோவிச்சுக்காதீங்க. அப்பவே ஒரு காரணம் இருக்குன்னேன்ல?

மருதையன்: என்ன காரணம்?

பஞ்சநாதன்: சித்திரைக் கடைசியில மன்னார்குடியில ஒரு கல்யாணம். விடிகாலை மொத பஸ்ஸுல போனேன். உங்க ஊர் மதகுகிட்ட பஸ் நின்னுச்சு. வெளிச்சம் அப்பதான் மசமசன்னு வருது. உன் வயல்ல கோடை உழவு நடக்குது. காக்கிச் சட்டை. தலையில பட்டாளத்துத் தொப்பி. நம்ம மருதையன்தான்னு எட்டிப் பாத்தேன். நொண்டலயே! ஒரு அடி கூட நொண்டல. நேர் சால் புடிச்சு, ராஜா மாதிரி போய்க்கிட்டு இருந்தே.

வேம்பு: நீங்க பாத்தீங்களா...

பஞ்சநாதன்: என் கண்ணால பாத்தேன். அப்படியே எரிஞ்சு போச்சு எனக்கு. இவன் காலுக்காக மூணு வருஷம் நான் ராத்தூக்கம் இல்லாம எழுதறேன், இவன் என்னையும் ஏமாத்திட்டான், சர்க்காரையும் ஏமாத்திட்டான்னு. அடுத்த வாரம் இராஜாங்கம் வந்து உக்காந்ததும் கை தானா எழுதிடிச்சு. செஞ்சது தப்பு. ஆனா பாத்தது பொய் இல்ல.

மருதையன்: ...ஆமா அய்யா. நான்தான் அது.

பஞ்சநாதன்: பாத்தியா! அப்பறம் இங்க மட்டும் ஏன்யா நொண்டுற?

மருதையன்: நடிப்பு. எல்லாம் நடிப்பு. உங்களையும் ஏமாத்திட்டேன். அதான் எழுதியாச்சே, பேனாவக் குடுங்க.

பஞ்சநாதன்: அப்பாடா. இப்பதான் எனக்குத் தெளிவாச்சு. வயல்ல நடக்குற காலு, ரோட்டுல நடக்காத காலுன்னு கொழம்பிக்கிட்டு இருந்தேன். அப்ப இந்த வாபஸ்ல ஒரு வார்த்தை கூடப் பொய் இல்ல. போடு கையெழுத்து.

வேம்பு: போடாதீங்க.

மருதையன்: வேம்பு, கையெடு. வேணாம். நாத்தங்கால நெனச்சுக்க. பூவம்மாள நெனச்சுக்க. ஒருத்தி வர மாட்டா நம்ம வயலுக்கு.

வேம்பு: வரலன்னா நானே நட்டுக்கறேன். எத்தனை நாளானாலும்.

பஞ்சநாதன்: என்னம்மா இது, பூவம்மாளுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? என்ன நடக்குது இங்க?

வேம்பு: அந்தத் தாளக் கிழிச்சுட்டு வேற தாள் எடுங்க அய்யா. அப்பீலு இருக்கட்டும், இருபத்தி ரெண்டாந்தேதி இவர் தடிய ஊனிக்கிட்டே மெட்ராஸ் போகட்டும். தாசில்தாருக்கு மட்டும் எழுதுங்க, குடும்பத்தார் உழைப்புன்னு. வியாழக்கிழமை அவர் கேட்டா நானே சொல்றேன்... அன்னிக்கு பஸ்ஸுலேருந்து நீங்க பாத்தீங்களே, காக்கிச் சட்டையில நொண்டாமப் போனது... அது நான்.